காளானுக்கு வெயில் காட்டினால் என்ன ஆகும்?

போன வருஷம் மாசி மாசம் அம்மாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தது. முழங்கால் வலி, முதுகு வலி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது என்று ஆறு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளில் ஒன்று வைட்டமின் டி. ரிப்போர்ட்டில் 11 என்று இருந்தது. பக்கத்திலேயே, 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று அச்சடித்திருந்தார்கள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன் கண்ணு, தருமபுரி வெயில்ல அறுபது வருஷம் காஞ்சவளுக்கு வெயில் பத்தலையாமா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் காளான் விஷயத்தில் வந்து நின்றேன். படித்ததையும், வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்ததையும், அதில் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெயில் ஊரில் ஏன் இந்தக் குறைபாடு?

வைட்டமின் டி என்ற பெயரே கொஞ்சம் தப்பான பெயர். மற்ற வைட்டமின்களைச் சாப்பாட்டில் இருந்துதான் எடுக்க முடியும். இதை நம்ம தோலே செய்துகொள்ளும். தோலில் கொலஸ்டிராலுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை, யூ.வி.-பி, அதன் மேல் படும்போது அந்த மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே மெதுவாக உருமாறி வைட்டமின் டி3 ஆகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை வேலைக்கு ஆகிற வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதன் முக்கியமான வேலை, நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடலில் இருந்து ரத்தத்துக்கு ஏற்றிவிடுவது.

இதில் "யூ.வி.-பி" என்ற சொல்தான் சாவி. வெயில் சுடுகிறது என்பதும் யூ.வி.-பி படுகிறது என்பதும் ஒன்றல்ல. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யூ.வி.-பியை விடாது. அதேபோல, "காலை இளவெயில்ல நில்லுங்க, வைட்டமின் டி கிடைக்கும்" என்று எல்லோரும் சொல்கிறோம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் கதிர்கள் சாய்வாக, காற்று மண்டலத்தில் நிறைய தூரம் பயணித்து வருகின்றன. யூ.வி.-பியில் பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஏழு மணி வெயில் இதமாக இருப்பதற்கும் அதில் வைட்டமின் டி அவ்வளவாகக் கிடைக்காததற்கும் காரணம் ஒன்றுதான்.

நம்ம அட்சரேகைக்குப் பக்கத்திலேயே, திருப்பதியில், மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் இதை அளந்திருக்கிறார்கள். தோலில் உள்ள அந்த மூலப்பொருளைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரைதான் நல்ல மாற்றம் நடந்தது.

இப்போ அம்மா கதைக்கு வருவோம். காடு கழனி வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆச்சு. பகலெல்லாம் வீட்டுக்குள் தையல் மெஷின். வெளியே வருவது காலை ஏழு மணிக்குக் கோலம் போட, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் வாங்க. முழுக்கைச் சட்டை, முக்காடு போட்ட சேலைத் தலைப்பு. கருத்த தோலில் இருக்கும் மெலனின் இயற்கையான குடை மாதிரி; அது தோல் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுகிறது, ஆனால் அதே அளவு வைட்டமின் டி செய்ய வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. வயது ஏற ஏற தோலில் அந்த மூலப்பொருளும் குறைகிறது. "வெயில்ல காஞ்சேன்" என்று அம்மா சொன்னது நிஜம்தான். அந்த வெயில் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வெயில்.

சரி, சாப்பாட்டில் எடுக்கலாமே என்றால், வைட்டமின் டி இயற்கையாக உள்ள உணவுகள் ரொம்பக் குறைவு. கொழுப்பு மிகுந்த கடல் மீன், மீன் எண்ணெய், ஈரல், முட்டை மஞ்சள் கரு. அம்மா கவுச்சியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: காளான். அதுவும் வெயில் பட்ட காளான்.

காளானுக்குள் நடப்பது என்ன?

காளான் செடி இல்லை, விலங்கும் இல்லை, பூஞ்சை. நம்ம உடம்பின் ஒவ்வொரு செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வில் கொலஸ்டிரால் இருப்பது மாதிரி, பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு இல்லாமல் பூஞ்சைக்கு மட்டும் இருப்பதால், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் இந்த எர்கோஸ்டிராலைக் குறிவைத்தே வேலை செய்கின்றன.

இந்த எர்கோஸ்டிரால் மேல் யூ.வி.-பி பட்டால், நம்ம தோலில் நடக்கும் அதே கதை நடக்கிறது. ஒரு வளையம் திறக்கிறது, பிறகு சூட்டில் மெதுவாக உருமாறி வைட்டமின் டி2 ஆகிறது. தோலில் வருவது டி3, காளானில் வருவது டி2. இரண்டும் அண்ணன் தம்பி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், காளான் உயிரோடு இருக்கணும் என்ற அவசியம்கூட இல்லை. பறித்த காளானில் நடக்கும், நறுக்கிய காளானில் நடக்கும், காய்ந்த காளானில்கூட ஓரளவு நடக்கும். இது வளர்ச்சி இல்லை, வெறும் ஒளி வேதியியல்.

புதுக் கண்டுபிடிப்பும் இல்லை இது. 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு வளைந்து போகும் நோய், பெரிய பிரச்சனையாக இருந்தது. 1924ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் உணவுப் பொருள்கள் மேல் புற ஊதா விளக்கைக் காட்டி எலிகளுக்குக் கொடுத்தார். ரிக்கெட்ஸ் குணமானது. ஸ்டிரால்களைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜெர்மானியர் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எர்கோஸ்டிராலில் இருந்து வரும் வைட்டமினைப் பிரித்து எடுத்தது 1931ல். இன்றைக்கும் மருந்துக் கம்பெனிகள் டி2 தயாரிப்பது ஈஸ்ட்டில் உள்ள எர்கோஸ்டிராலில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித்தான். ஈஸ்ட்டும் பூஞ்சைதானே.

கடையில் கிடைக்கும் டி3 மருந்துகளில் பெரும்பாலானவை ஆட்டு ரோமத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசையில் இருந்து வருகின்றன. இதை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "அப்ப அது கவுச்சியா?" என்று ஒரு வாரம் மருந்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ரோமம் கத்தரிக்கிறதால் ஆடு சாகாது என்று பக்கத்து வீட்டு ஆடு மேய்க்கிற பெரியப்பா வந்து சொன்ன பிறகுதான் சமாதானம்.

எவ்வளவு கிடைக்கும்?

அலகைப் புரிந்துகொள்வோம். வைட்டமின் டியை ஐ.யூ. என்ற அலகில் சொல்வார்கள். 40 ஐ.யூ. என்றால் 1 மைக்ரோகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யூ. அதாவது 15 மைக்ரோகிராம். வெயில் சரியாகப் படாதவர்களை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு அது.

இருட்டு அறையில் வளர்ந்த காளானில் டி2 கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மதிய வெயிலில் 15 நிமிஷத்திலிருந்து 2 மணி நேரம் வரை வைத்த மொட்டுக்காளானில், பச்சையாக 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2018ல் வந்தது. 10 மைக்ரோகிராம் என்றால் 400 ஐ.யூ. ஒரு நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு.

இதைவிடப் பிரபலமான சோதனை, அமெரிக்காவில் காளான் வளர்ப்பில் பெயர் பெற்ற பால் ஸ்டாமெட்ஸ் செய்தது. ஷிடாகே என்ற ஜப்பானியக் காளானை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே வளர்த்துக் காய வைத்ததில் 100 கிராமுக்கு சுமார் 100 ஐ.யூ.தான். வெயிலில் இரண்டு நாள், நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் காய வைத்ததில், குடையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க வைத்தவற்றில் கிட்டத்தட்ட 46,000 ஐ.யூ. அடிப்பக்கம் தரையைப் பார்க்க வைத்தவற்றில் சுமார் 10,900. காம்பில் வெறும் 900. மூன்றாவது நாளும் வெயிலில் விட்டபோது அளவு குறைய ஆரம்பித்தது. அவர் காளான் பொருள்கள் விற்கிறவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைப் படிக்கணும். ஆனால் போக்கு மற்றவர்கள் கண்டதோடு ஒத்துப்போகிறது.

ஏன் அடிப்பக்கம்? காளான் குடையைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய தகடு தகடாக வரிகள் இருக்கும். அந்த வரிகளில்தான் வித்துகள் உருவாகும். ஒரு சின்ன இடத்துக்குள் நிறைய பரப்பை மடித்து வைத்த மாதிரி அமைப்பு. எர்கோஸ்டிராலும் அங்கே அதிகம். ஒளி காளானுக்குள் ஆழமாகப் போகாது, மேல் பரப்போடு நின்றுவிடும். அதனால் பரப்பு எங்கே அதிகமோ அங்கே டி2 அதிகம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜசிங்கே, பெரேரா என்ற இருவர் 2005ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. எர்கோஸ்டிரால் அதிகம் இருந்தது மொட்டுக்காளானில். ஆனால் டி2 உருவாவதில் அதுதான் பின்தங்கியது. உருண்டையான, மூடின காளான். வரிகள் உள்ளே ஒளிந்திருக்கும். விரிந்த, மெல்லிய சிப்பிக்காளான் அதைவிட நன்றாகச் செய்தது. சரக்கு எவ்வளவு இருக்கு என்பதைவிட, எவ்வளவு சரக்கு வெளிச்சத்துக்கு வருது என்பதுதான் விஷயம்.

இது நமக்கு நல்ல செய்தி. நம்ம ஊர்ப் பக்கம் குடிசை போட்டு வளர்ப்பது பெரும்பாலும் சிப்பிக்காளானும் பால்காளானும்தான். மொட்டுக்காளானுக்கு ஊட்டி மாதிரி குளிர் வேண்டும். பால்காளான் 30 டிகிரிக்கு மேலேயும் நன்றாக வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைத் தமிழ்நாட்டில் பரப்பியதற்கு அதுதான் காரணம். நம்ம மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

நம்ம ஊர் வெயில் கணக்கு

எப்போது வைக்கலாம்? இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். உங்க நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம், யூ.வி.-பி நன்றாகக் கிடைக்கும். நிழல் உங்களைவிட நீளம் என்றால் காளானை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

தருமபுரி சுமார் 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்திலேயே சூரியன் ரொம்பத் தாழ்வாகப் போகும் டிசம்பர் 21 அன்றும் உச்சியில் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போதும் காலை 10.30லிருந்து மதியம் 2 மணி வரை நிழல் குட்டைதான். ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே வரும். ஏப்ரலில் காலை 9.15லிருந்து மதியம் 3.15 வரை நேரம் உண்டு. நமக்கு உச்சி வேளை கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, சராசரியாக 12.17க்கு வரும், இந்திய நேரம் நமக்குக் கிழக்கே இருக்கும் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் இந்தத் தள்ளல்.

லண்டனில் இருக்கிறவர்களுக்கு அக்டோபர் தொடங்கி மார்ச் வரை இந்த வாய்ப்பே கிடையாது. அங்கே உச்சி வேளையில்கூட சூரியன் 45 டிகிரியைத் தொடாது. அதனால்தான் அங்கெல்லாம் தொழிற்சாலையில் புற ஊதா விளக்கு வைத்துக் காளானுக்கு ஒளி காட்டி விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப்பட்ட மொட்டுக்காளானைப் புதுவகை உணவாக 2017ல் அனுமதித்தது. நமக்கு அந்த விளக்கு வருஷம் முழுக்க, கரண்ட் பில் இல்லாமல், தலைக்கு மேலேயே தொங்குகிறது.

மொட்டை மாடியில் செய்தது

பாலக்கோடு பக்கம் இருக்கும் என் சித்தி மகள், அக்கா முறை, சின்னதாகக் காளான் குடில் வைத்திருக்கிறார். வேக வைத்த வைக்கோல், பாலித்தீன் பை, அடுக்கு அடுக்காக வித்து, மூன்று வாரம் கழித்து அறுவடை என்று பத்துப் பன்னிரண்டு வருஷ அனுபவம். அவரிடம் வாரம் அரைக் கிலோ சிப்பிக்காளான் வாங்க ஆரம்பித்தோம்.

நாங்கள் பின்பற்றும் முறை இதுதான்.

உடனே சமைக்க: காளானைக் கொத்திலிருந்து பிரித்து, அகலத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வரிப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புகிறோம். 12 மணிக்கு மாடியில் வைத்து முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிடுகிறோம். மொட்டுக்காளான் என்றால் மெல்லிசா நறுக்கிப் பரப்பணும். அதற்கு மேல் விட்டால் ஓரம் சுருங்கி, நிறம் மாறி, வதங்கிவிடுகிறது. மே மாசத்தில் அரை மணி நேரமே போதும்.

சேமித்து வைக்க: இரண்டு நாள், உச்சி வெயில் நேரத்தில் மட்டும். ஈ மொய்க்காமல் இருக்கப் பழைய கொசுவலைத் துண்டு. கண்ணாடியோ கெட்டித் துணியோ போட்டு மூடினால் செய்த வேலை வீண். சாயங்காலம் நான்கு மணிக்குள் உள்ளே எடுத்துவிடணும், பனியில் விட்டால் பூசணம் பிடிக்கும். ஒடித்தால் டப்பென்று முறியும் பக்குவம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இருட்டான அலமாரியில் வைக்கிறோம். மழைக்காலத்தில் இந்தக் காய வைக்கும் வேலையைத் தொடுவதே இல்லை. ஒரு ஐப்பசியில் முயற்சி செய்து முக்கால் கிலோவைக் குப்பையில் கொட்டினோம்.

மூன்றாவது நாள் ஏன் வைக்கக் கூடாது? எர்கோஸ்டிராலை டி2 ஆக்கும் அதே ஒளி, தொடர்ந்து பட்டால் அதை உபயோகமில்லாத வேறு பொருள்களாகவும் மாற்றிவிடும். நம்ம தோலிலும் இதுவேதான் நடக்கிறது, அதனால்தான் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வைட்டமின் டி அளவுக்கு மீறி ஏறுவதில்லை.

சமையலில் கொஞ்சம் போகும். ஆனால் வைட்டமின் டி தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைவது; சூட்டையும் ஓரளவு தாங்கும். ஐந்து பத்து நிமிஷம் வதக்கினால் பெரும்பகுதி தங்கும். கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடம்பில் சேரவும் வசதி. எங்க வீட்டில் மிளகு போட்டு வறுவல். காய்ந்ததை இடித்து சாம்பாரிலோ களிக்கு ஊற்றும் குழம்பிலோ ஒரு ஸ்பூன்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லணும். மழை பேய்ஞ்சா, இடி இடிச்சா, காட்டில் முளைக்கும் காளானைக் கொண்டுவந்து வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெயில் எந்தக் காளான் விஷத்தையும் முறிக்காது. சமைத்தாலும் போகாத விஷங்கள் உண்டு. பழகின கையால் வளர்த்த காளானை மட்டும் வாங்குங்க.

அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி

"அப்ப இந்தப் பொடி மருந்தை விட்டுடலாமா?"

டாக்டர் கொடுத்தது வாரம் ஒரு பாக்கெட், 60,000 ஐ.யூ., எட்டு வாரம். பாலில் கலக்கிக் குடிக்கணும். காளான் ருசியாக இருக்கிறது, மருந்து இல்லை, சொந்தக்காரி வளர்த்தது. அம்மாவுக்கு அந்தப் பக்கமே மனசு சாய்ந்தது.

இந்த இடத்தில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நிதானமாகப் பார்த்தேன். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 2011ல் வெளியான ஒரு சோதனையில், குறைபாடு உள்ள 26 பேரைப் பிரித்து, சிலருக்குப் புற ஊதா ஒளி பட்ட மொட்டுக்காளான் சூப், சிலருக்கு அதே அளவு டி2 மாத்திரை, மற்றவர்களுக்கு இரண்டும் இல்லாமல் நான்கு வாரம் கொடுத்தார்கள். காளானும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் கொடுத்தன. ஆக காளானில் இருக்கும் டி2 உடம்பில் சேர்கிறது, சந்தேகம் இல்லை.

மறுபக்கம், டி2வைவிட டி3 ரத்தத்தில் நன்றாக ஏறுகிறது, அதிக நாள் நிற்கிறது என்பதும் பல சோதனைகளில் தெரிந்த விஷயம். தவிர, ஃபிரைபர்க்கில் கொடுத்த காளானில் எத்தனை ஐ.யூ. என்று அளந்து கொடுத்தார்கள். என் மாடித் தட்டில் இருப்பது எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? மேகம், மாசம், காளான் தடிமன், எந்தப் பக்கம் மேலே என்று எல்லாவற்றையும் பொறுத்து நானூறும் வரலாம், நாலாயிரமும் வரலாம். ஸ்டாமெட்ஸ் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் 10 கிராம் காய்ந்த காளானில் 4,600 ஐ.யூ. பெரியவர்களுக்கு நாள்தோறும் மீறக் கூடாத உச்ச அளவு 4,000. "இயற்கைதானே" என்று தினமும் கை நிறைய அள்ளிப் போடும் பொருளும் இல்லை இது.

அதனால் பதில்: மருந்தை விடக் கூடாது. 11ல் இருக்கிறவரைத் தூக்கிவிடுவது மருந்தின் வேலை. தூக்கிவிட்ட பிறகு மறுபடியும் விழாமல் பார்த்துக்கொள்வதில் காளானுக்கு ஒரு பங்கு உண்டு. கிணற்றில் விழுந்தவரை வெளியே எடுக்கக் கயிறு வேண்டும். மறுபடி விழாமல் இருக்க மேடை கட்டணும். மேடையைக் காட்டி "கயிறு எதுக்கு" என்று கேட்கக் கூடாது.

மூன்று மாசம் கழித்துப் பரிசோதனை செய்தபோது 34. அம்மா காளானுக்கு நன்றி சொன்னார்கள். நான் மருந்துக்குச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து நடந்ததால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. அதுவும் சாதாரண லேப்களில் செய்யும் சில பரிசோதனை முறைகள் டி3ஐ எடுக்கும் அளவுக்கு டி2வை முழுசாக எடுப்பதில்லை. இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் காட்டும் விலையுயர்ந்த முறை வேறு. காளான் சாப்பிட்டு, பரிசோதனையில் ஏறவில்லை என்று யாராவது சொன்னால், தப்பு காளானிலும் இருக்கலாம், பரிசோதனை முறையிலும் இருக்கலாம்.

அக்கா கேட்ட கேள்வி

இதற்கு நடுவில் அக்காவுக்கு ஒரு யோசனை. "பாக்கெட் மேல 'வைட்டமின் டி காளான்'னு ஸ்டிக்கர் ஒட்டிட்டா, இருபது ரூபா சேர்த்து விக்கலாம்ல?"

குடிலில் உழைக்கிறவருக்கு அந்த இருபது ரூபாய் பெரிய விஷயம். எனக்கும் ஆசைதான். ஆனால் வேண்டாம் என்று சொன்னேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் வருஷ விளம்பர விதிகள்படி, ஒரு சத்து இருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டால் அது சொன்ன அளவுக்கு இருக்கணும், நிரூபிக்கவும் முடியணும். இன்றைக்கு வெயில், நாளைக்கு மூட்டம் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு மாதிரி. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஸ்டிக்கரைப் பார்த்து எங்க அம்மா மாதிரி யாரோ ஒருவர் டாக்டர் கொடுத்த பாக்கெட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

கடைசியில் ஸ்டிக்கருக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு அடித்தோம். "சமைக்கும் முன் உச்சி வெயிலில் அரை மணி நேரம், வரிப்பக்கம் மேலே இருக்க வைக்கவும். வைட்டமின் டி கூடும். மருந்துக்கு மாற்று அல்ல." இது பொய்யும் இல்லை, செய்து பார்க்கச் செலவும் இல்லை. இருபது ரூபாய் கிடைக்கவில்லை. ஆனால் சீட்டைப் படித்துவிட்டுத் திரும்ப வந்து வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அக்கா சொல்கிறார்.

ஏன் இது தருமபுரிக்கு முக்கியம்?

நம்ம மாவட்டத்துக்கு எலும்பு விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புப் பற்களை நம்ம பஸ்ஸ்டாண்டிலேயே பார்க்கலாம். பல்லோடு நின்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

கால்சியம் போதாத உடம்பில் ஃபுளோரைடின் கேடு இன்னும் மோசமாக வெளிப்படுகிறது. ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தினர், ஃபுளோரைடு மிகுந்த ஆந்திரக் கிராமங்களில் முட்டி ஒட்டிப்போன பிள்ளைகளைப் பற்றி 1973லேயே எழுதியிருக்கிறார்கள். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: காளான் ஃபுளோரோசிஸைக் குணப்படுத்தாது, வேறு எதுவும் பெரிசாகக் குணப்படுத்தாது. நல்ல தண்ணீர்தான் வழி. ஆனால் எலும்புக்கு எதிராக ஏற்கெனவே ஒரு தட்டு இறங்கி நிற்கும் ஊரில், மறுதட்டில் வைக்க முடிந்ததை வைக்கணும் இல்லையா?

வைக்க நம்மிடம் பொருளும் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். 2023ல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தருமபுரியிலும்தான். களியில் கால்சியம் இருக்கிறது, அதைக் குடலிலிருந்து ஏற்றிவிட வைட்டமின் டி வேண்டும். களிக்குக் காளான் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதில் இவ்வளவு நியாயம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது வீட்டில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. தட்டை மாடிக்கு எடுத்துப் போவது அம்மா. காக்காய் வராமல் பார்த்துக்கொள்ளணும் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடக்கிவிட்டு, பதினைந்து இருபது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். நிழல் குட்டையாக இருக்கும் நேரம்.

போன வாரம் கீழே இறங்கி வரும்போது கேட்டார்கள்: "கண்ணு, காளானுக்குக் காட்டற வெயில எனக்கும் சேர்த்துக் காட்டிக்கறேன். இதுக்கு எதுக்கு இவ்வளவு படிச்ச?"

பதில் சொல்லவில்லை. படியில் மூச்சு வாங்காமல் இறங்கினார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.